யாரோடு ஆடினாய் என்று கேட்பவர்களே, நீங்கள் ஏன் ஆட வரவில்லை?

மார்ச் பாதி வந்துவிட்டால் அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்து பார்க்கிற எல்லோருக்கும் திடீரென்று கணக்கு வந்துவிடுகிறது. நவம்பரிலிருந்து ஒரு ஆட்டம்கூட முழுதாகப் பார்க்காதவர்கூட செலக்‌ஷன் சண்டே அன்று, அதாவது தேசியப் போட்டிக்கான அணிகளைத் தேர்வுக் குழு அறிவிக்கிற ஞாயிறு அன்று, நெட் ரேங்க் (குழு பார்க்கிற தரவரிசை), குவாட் ஒன் (மிகக் கடினமான ஆட்டங்கள்), ஸ்கெட்யூல் பலம் (ஆடிய எதிராளிகளின் வலு) என்று அடுக்குகிறார். அப்புறம் அந்தக் கேள்வி. "28 ஜெயித்தார்கள், சரி. யாரை ஜெயித்தார்கள்?"

இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

2024இல் இண்டியானா ஸ்டேட்டுக்கு நடந்ததைப் பாருங்கள். டெர்ரே ஹோட் என்ற சின்ன ஊர். லாரி பேர்ட் ஆடிய கல்லூரி, 1979இல் மேஜிக் ஜான்சனின் மிச்சிகன் ஸ்டேட்டோடு இறுதி ஆட்டம் வரை போன கல்லூரி. 2011க்குப் பிறகு தேசியப் போட்டிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அந்த வருடம்தான் ராபி அவிலா என்ற கண்ணாடி போட்ட சென்டர், உயரமான ஆளாக இருந்துகொண்டு பாயின்ட் கார்டு மாதிரி பாஸ் போட்டு ஊரையே ரசிக்க வைத்தார். மிசௌரி வேலி கான்ஃபரன்ஸில், அதாவது தங்களுக்குள் ஆடிக்கொள்கிற கல்லூரிக் குழுவில், 17 வெற்றி, 3 தோல்வி, முதலிடம். மொத்தக் கணக்கு 28க்கு 6. கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட் ஃபைனலில் டிரேக்கிடம் 84-80 என்று தோற்றார்கள். ஜெயித்திருந்தால் தேசியப் போட்டிக்கு நேராகப் போயிருக்கலாம், தோற்றதால் முடிவு தேர்வுக் குழுவின் கைக்குப் போனது. அவ்வளவுதான், கதை முடிந்தது. தேர்வுக் குழுவே தூக்கிப் பிடிக்கிற நெட் வரிசையில் 30க்குள் இருந்த அணி வெளியே. ஐம்பதுக்கும் கீழே கிடந்த விர்ஜினியா உள்ளே. டேட்டனில் நடந்த ஃபர்ஸ்ட் ஃபோர் என்ற முன்சுற்றில் அந்த விர்ஜினியா கொலராடோ ஸ்டேட்டிடம் 67-42 என்று உதை வாங்கிய ஆட்டத்தை நான் முழுதாகப் பார்த்தேன். 40 நிமிடத்தில் 42 புள்ளி!

நியாயமாகச் சொன்னால் அந்த வருடம் என்.சி. ஸ்டேட் மாதிரி சில அணிகள் யாரும் எதிர்பாராமல் கான்ஃபரன்ஸ் கோப்பையை வென்று இடங்களைத் தட்டிப் பறித்துக்கொண்டன. பபுள், அதாவது விளிம்பில் நிற்கிற அணிகளுக்கு மிஞ்சுகிற இடம், சுருங்கியது உண்மை. ஆனால் மிச்சமிருந்த இடங்களைக் கொடுத்த விதத்தில் என்ன நியாயம்? குவாட் ஒன் வெற்றி ஒன்றே ஒன்று என்று சொல்லி இண்டியானா ஸ்டேட்டை ஒதுக்கினார்கள். ஏன் ஒன்றே ஒன்று என்று யாராவது கேட்டார்களா? அலபாமாவோடு அவர்கள் ஊருக்கே போய் ஆடினார்கள். மிச்சிகன் ஸ்டேட்டோடும் அப்படியே. இரண்டிலும் தோற்றார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இருவரில் ஒருவராவது டெர்ரே ஹோட்டுக்கு வந்து ஆடுவார்களா? கனவில்கூட வரமாட்டார்கள்.

இங்கேதான் மொத்த அயோக்கியத்தனமும் இருக்கிறது. கான்ஃபரன்ஸுக்கு வெளியே யார் யாரோடு ஆடுவது என்பது பெரும்பாலும் அந்தந்தக் கல்லூரிகள் பேசி முடித்துக்கொள்வது. பெரிய கல்லூரிக்கு நல்ல மிட்-மேஜர் அணியோடு, அதாவது பெரிய கான்ஃபரன்ஸ்களில் இல்லாத அணியோடு, ஆடுவதில் லாபமே இல்லை. ஜெயித்தால் யாரும் கைதட்டமாட்டார்கள், தோற்றால் மானம் போகும். அதனால் வம்பில்லாத அணியாகப் பார்த்து, செக் எழுதிக் கொடுத்து, தன் மைதானத்துக்கே வரவழைக்கிறார்கள். அதற்குப் பெயர் பை கேம், காசு கொடுத்து வாங்குகிற ஆட்டம். 2019 நவம்பரில் கென்டக்கி அப்படித்தான் எவன்ஸ்வில்லுக்கு 90,000 டாலர் கொடுத்துக் கூப்பிட்டது. வந்தவர்கள் அன்றைக்கு நம்பர் ஒன்னாக இருந்த கென்டக்கியை 67-64 என்று சாய்த்துவிட்டு, செக்கையும் வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அதே மாதத்தில் ஸ்டீஃபன் எஃப். ஆஸ்டின், டியூக்கை அதன் சொந்த கேமரன் அரங்கிலேயே கூடுதல் நேரத்தில் வீழ்த்தியது. கான்ஃபரன்ஸுக்கு வெளியே சொந்த மண்ணில் தொடர்ந்து 150 ஆட்டம் ஜெயித்திருந்த டியூக் அது! இதெல்லாம் பார்த்த பிறகு எந்தப் பெரிய கோச் தன் அணியை ஒரு மிட்-மேஜர் ஜிம்முக்குக் கூட்டிப் போவார்?

கல்யாணத்துக்குப் பத்திரிகையே வைக்காமல் விட்டுவிட்டு, அப்புறம் மொய் நோட்டைப் புரட்டி "உன் பேரையே காணோமே" என்று கேட்டால் எப்படி இருக்கும்? ஸ்கெட்யூல் பலம் இல்லை என்று மிட்-மேஜரைக் கேட்பது அச்சு அசல் அதுதான்.

எதிராளியின் நெட் இடத்தையும் ஆடிய ஊரையும் வைத்து ஆட்டங்களை ஒன்று முதல் நான்கு வரை பிரிக்கிற குவாட் கணக்கு இன்னும் கூத்து. 70ஆவது இடத்தில் இருக்கிற அணியை அவர்கள் ஊரில் ஜெயித்தால் குவாட் ஒன். அந்த அணி அதன்பிறகு நாலு ஆட்டம் சொதப்பி, 75 என்ற கோட்டைத் தாண்டி 76க்கு இறங்கிவிட்டால் உங்கள் வெற்றி குவாட் டூ. நவம்பரில் நீங்கள் வியர்வை சிந்தி வாங்கிய வெற்றியின் மதிப்பு, பிப்ரவரியில் யாரோ ஒருவனின் சொதப்பலில் குறைகிறது. சொந்த ஊரில் ஆடினால் குவாட் ஒன்னுக்கு எதிரணி முதல் 30க்குள் இருக்க வேண்டும். மிசௌரி வேலி அணி 30க்குள் இருப்பவரை எங்கே போய்ப் பிடித்துக்கொண்டு வரும்? அவர்களுடைய கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் பெரும்பாலானவை குவாட் மூன்று, நான்கு. ஜெயித்தால் ஒன்றும் கிடைக்காது, ஒன்றில் வழுக்கினால் மார்ச் வரைக்கும் குத்திக்காட்டுவார்கள்.

எஸ்.இ.சி. என்ற பெரிய கான்ஃபரன்ஸ் பக்கம் திரும்புங்கள். 2025இல் 16 அணியில் 14 உள்ளே, இதுவரை எந்தக் கான்ஃபரன்ஸுக்கும் கிடைக்காத எண்ணிக்கை. அந்த சீசனின் முதல் இரண்டு மாதம் வெளியாட்களை வரிசையாகத் தோற்கடித்தார்கள், மறுக்கவில்லை. எல்லோருடைய நெட்டும் எகிறியது. ஜனவரியிலிருந்து தங்களுக்குள் ஆடினார்கள். எல்லாமே பெரிய ஆட்டம், ஜெயித்தால் பவுன், தோற்றாலும் பெரிய நஷ்டமில்லை. டெக்சாஸும் ஓக்லஹோமாவும் கான்ஃபரன்ஸில் 6 வெற்றி, 12 தோல்வி. பன்னிரண்டு! இரண்டும் உள்ளே. 12 முறை தோற்றும் ஒருவனுக்கு இடம் கிடைக்கிறது என்றால், அவன் தோற்ற ஆட்களின் பெயர் பெரியது என்பதுதானே காரணம்?

அதே வருடம் நார்த் கரோலினா. குவாட் ஒன் ஆட்டங்களில் 1 வெற்றி, 12 தோல்வி. வெஸ்ட் விர்ஜினியாவுக்கு அதே குவாட் ஒன்னில் 6 வெற்றி. உள்ளே போனது யார்? நார்த் கரோலினா. தேர்வுக் குழுத் தலைவராக இருந்தவர் அதே கல்லூரியின் தடகள இயக்குநர். தன் கல்லூரியைப் பற்றிப் பேசும்போது உறுப்பினர் அறையை விட்டு வெளியே போக வேண்டும் என்ற விதி இருக்கிறது, அவரும் போனார். நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. முதல் ஆட்டத்தில் சான் டியேகோ ஸ்டேட்டை 95-68 என்று பந்தாடினார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். என் கேள்வி வேறு. இண்டியானா ஸ்டேட்டை விரட்ட எடுத்த குவாட் ஒன் பிரம்பு, அடுத்த வருடமே எங்கே தொலைந்து போனது?

அதற்காக எண்களே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். நெட்டுக்கு முன்னால் இருந்தது ஆர்.பி.ஐ. என்ற தரவரிசை. 1981இல் வந்த அந்தச் சூத்திரத்தில் நீங்கள் ஜெயித்த விகிதத்துக்கு 25 சதவீதம், மீதி 75 சதவீதம் எதிராளியும் எதிராளியின் எதிராளியும் எப்படி ஆடினார்கள் என்பதற்கு. அந்தக் கொடுமையை 2018இல் தூக்கி எறிந்துவிட்டு நெட்டைக் கொண்டுவந்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். ஆரம்பத்தில் அதில் புள்ளி வித்தியாசத்துக்கு 10 என்று ஒரு வரம்பு இருந்தது. 2020இல் அந்த அம்சத்தையே எடுத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு பந்து வாய்ப்புக்கும் எத்தனை புள்ளி என்கிற ஆட்டத்திறன் கணக்கு இருப்பதால் பாவப்பட்ட அணியை 20இல் ஜெயிப்பதைவிட 45இல் ஜெயித்தால் நல்லது. பெரிய பட்ஜெட் கல்லூரி டிசம்பரில் செக் கொடுத்துக் கூப்பிட்ட அணியைக் கடைசி நிமிடம் வரை போட்டு மிதிப்பதில் ஆச்சரியம் உண்டா?

டபிள்யூ.ஏ.பி. என்று ஒரு அளவு இருக்கிறது. இதே ஸ்கெட்யூலை ஒரு சராசரி பபுள் அணி ஆடியிருந்தால் எத்தனை ஜெயித்திருக்கும், நீ அதைவிட எத்தனை கூடுதலாக ஜெயித்தாய் என்று பார்க்கிறது. அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 2024-25 சீசனில்தான் அதைக் குழுவின் தாளில் சேர்த்தார்கள். இத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று தெரியவில்லை.

உடனே ஒருவர் வருவார். "2025 ஸ்வீட் சிக்ஸ்டீனில், கடைசி 16 அணியில், ஒரு மிட்-மேஜர்கூட இல்லையே, பார்த்தாயா?" பார்த்தேன் சார். டிரேக் மிசௌரியை அடித்ததையும், மெக்னீஸ் கிளெம்சனை அடித்ததையும் சேர்த்தே பார்த்தேன். அதற்கு அடுத்த வாரங்களில் டிரேக்கின் கோச் அயோவாவுக்குப் போனதையும், மெக்னீஸின் கோச் என்.சி. ஸ்டேட்டுக்குப் போனதையும் பார்த்தேன். இண்டியானா ஸ்டேட்டின் கோச் 2024இலேயே செயின்ட் லூயிக்குப் போய்விட்டார், பின்னாலேயே அவிலாவும் போனார். நல்ல அணி ஒன்று உருவானால் ஒரே கோடையில் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டு, அடுத்த மார்ச்சில் "உங்கள் கான்ஃபரன்ஸ் பலவீனம்" என்று சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்?

2011இல் வி.சி.யு.வைத் தேர்ந்தெடுத்தபோது டிவியில் உட்கார்ந்திருந்த வல்லுநர்கள் குதித்தார்கள். அந்த அணி ஃபர்ஸ்ட் ஃபோரில் ஆரம்பித்து, நம்பர் ஒன் சீட் கன்சாஸை வீழ்த்தி ஃபைனல் ஃபோர் வரை போனது. 2006இல் ஜார்ஜ் மேசனுக்கும் இதே வசவு விழுந்தது, அவர்களும் கனெக்டிகட்டை வென்று ஃபைனல் ஃபோருக்குப் போனார்கள். ஆட விட்டால்தானே தெரியும்.

தேசியப் போட்டிக்கு 68 அணி போதாது, 72 ஆக்கலாம், 76 ஆக்கலாம் என்றும் பேச்சு எழுந்தது. ஆக்கினால் அந்தக் கூடுதல் இடம் யாருக்குப் போகும் என்று நினைக்கிறீர்கள்? கான்ஃபரன்ஸில் 5 ஜெயித்து 13 தோற்ற இன்னொரு பெரிய கல்லூரிக்குத்தான். அதற்குப் பதில் ஒரே ஒரு விதி போடுங்கள். ஆட்-லார்ஜ் இடம், அதாவது குழு தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற இடம், வேண்டுமென்றால் டிசம்பருக்குள் இரண்டு மிட்-மேஜர் மைதானத்துக்குப் போய் ஆடியிருக்க வேண்டும், செக் கிடையாது, நடுநிலை மைதானமும் கிடையாது. டெர்ரே ஹோட்டில் ஹல்மன் சென்டர் என்று ஒரு அரங்கம் இருக்கிறது, வழி தெரியாவிட்டால் மேப்பில் போட்டுப் பாருங்கள்.