வாள் நீளக்கூட நேரமில்லையா?
1985-ல் வந்த ‘தண்டர்கேட்ஸ்’ கார்ட்டூன் தொடரில் நாயகன் லயன்-ஓ முழங்க முழங்க வாள் கொஞ்சம் கொஞ்சமாக நீளும், கைப்பிடியில் இருக்கும் கண் திறக்கும், பிறகுதான் சின்னம் வானத்தில் தெரியும். புல்லரித்ததே அந்தக் காத்திருப்பில்தான்.

2020-ல் வந்த அதன் புதுப் பதிப்பு ‘தண்டர்கேட்ஸ் ரோர்’ அத்தியாயத்தையே 11 நிமிடமாகச் சுருக்கிவிட்டது. அதற்குள் கதை, சண்டை, காமெடி எல்லாவற்றையும் அடைத்தால் முதலில் பலியாவது இந்தக் காத்திருப்புதான். உடம்பை ரப்பர் மாதிரி வளைத்து வரைந்தால் அடியில் கனம் எங்கிருந்து வரும்? ஓங்குவதற்கு நாலைந்து ஓவியம், பட்ட இடத்தில் இரண்டு மூன்று பிரேம் நிறுத்தம், இதெல்லாம் இல்லாத சண்டை வெறும் கைவீச்சு. வில்லன் மம்-ராவைப் பார்த்தாலும் பயம் வரவில்லை. வில்லனையே கோமாளியாக்கிவிட்டு லயன்-ஓ யாரை ஜெயித்து என்ன? காமெடிக்குத்தான் லயன்-ஓவின் குட்டித் துணை ஸ்னார்ஃப் இருக்கிறதே!

2011 பதிப்பு சீரியஸாகத்தான் இருந்தது. அதை 26 அத்தியாயத்தோடு பாதியில் நிறுத்திவிட்டார்கள்.