வேஸ்ட் இருக்கா அண்ணாச்சி?

(மதுரைல ஒரு பழைய பேப்பர் கடை. நைட்டு ஒம்பது மணி. அண்ணாச்சி ஷட்டரப் பாதி எறக்கிட்டாரு. பாஸ்கர் குனிஞ்சு உள்ள வர்றாரு.)

பாஸ்கர்: மூடிராதீங்க அண்ணாச்சி, கொஞ்சம் வேஸ்ட் வேணும்.

அண்ணாச்சி: இத்தன வருசத்துல வேஸ்ட்ட போட வந்தவங்களத்தான் பாத்திருக்கேன், வேணும்னு வந்த மொத ஆளு நீங்கதான் சார். ஏதும் பத்திரத்தக் கித்திரத்த சேத்துப் போட்டுட்டீங்களா?

பாஸ்கர்: அட அது இல்ல, பாப்பாவுக்கு நாளைக்கு ஸ்கூல்ல பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்டு, தூக்கிப் போடுற சாமான வச்சு ஏதாவது செஞ்சு கொண்டு போகணுமாம், வீட்ல தேடுனா ஒரு காலி டப்பா கூட இல்ல, எம் பொண்டாட்டியக் கேட்டா காலைலதான மொத்தத்தையும் அண்ணாச்சி கடையில போட்டேன்ங்கறா.

அண்ணாச்சி: ஆமா போட்டாங்க. பேப்பர் கிலோ 12 ரூபான்னு எடுத்தேன். உங்களுக்குன்னா 25 போட்டுத் தர்றேன்.

பாஸ்கர்: எங்க வீட்டுப் பேப்பர எனக்கே டபுள் ரேட்டுக்கா?

அண்ணாச்சி: காலைல அது வேஸ்ட்டு சார். இப்ப ஸ்கூல் புராஜெக்ட்டு.

பாஸ்கர்: ஏற்கனவே 640 ரூபா காலி. க்ளூ கன்னு, கிளிட்டரு, சார்ட்டு, ஐஸ் குச்சி ஒரு பாக்கெட்டு...

அண்ணாச்சி: ஐஸ் திங்காமயே குச்சியா!

பாஸ்கர்: ஃபேன்சி ஸ்டோர்ல கலர் கலரா விக்கிறாங்களே. அப்பறம் காலி பாட்டில் வேணும்னு லிஸ்ட்ல இருந்துச்சா, பாத்திரம் வெளக்குற லிக்விட ஒரு சொம்புல ஊத்தி வச்சுட்டு பாட்டில எடுத்தேன், எங்கப்பா அத எலுமிச்ச சர்பத்துன்னு நெனச்சு வந்திருந்த விருந்தாளிக்குத் தண்ணி ஊத்திக் கலக்கிட்டாரு, நுரை பொங்கிருச்சு.

அண்ணாச்சி: சோடா சர்பத்துன்னு நெனச்சிருப்பாரே.

பாஸ்கர்: அப்படித்தான் நெனச்சாரு. அந்த விருந்தாளி மோந்து பாத்துட்டு, எனக்கு சுகர்னு சொல்லித் தப்பிச்சுட்டாரு.

அண்ணாச்சி: லிஸ்ட்ட காட்டுங்க. தெர்மாகோலு... ஸ்ட்ராவு... சார், பிளாஸ்டிக் ஸ்ட்ராவ நம்ம தமிழ்நாட்டுல 2019 ஜனவரிலயே தடை பண்ணியாச்சு, அலங்காரத்துக்கு வைக்கிற தெர்மாகோல 2022 ஜூலைல டெல்லிக்காரங்களே தடை பண்ணிட்டாங்க. இத வச்சு என்ன செய்யப் போறீங்க?

பாஸ்கர்: பிளாஸ்டிக்கை ஒழிப்போம்னு ஒரு மாடலு.

அண்ணாச்சி: (கொஞ்ச நேரம் பேசல) எங்கம்மா பழைய பேப்பர ஊறப் போட்டு, வெந்தயத்தையும் சேத்து உரல்ல ஆட்டி, குடத்தக் கவுத்து அது மேல கூழ அப்பிக் காய வச்சா, அப்படியே கூடையா கழண்டு வரும். அதுல கடலைய அள்ளி வச்சா ஒரு பூச்சி அண்டாது.

பாஸ்கர்: சூப்பர், அதையே செஞ்சிருவோம்! எவ்வளவு நேரமாகும்?

அண்ணாச்சி: ஊற ரெண்டு மூணு நாளு, வெயிலு அடிச்சா காய ஒரு நாலஞ்சு நாளு.

பாஸ்கர்: காலைல ஏழரைக்கு வேன் வந்துரும்யா!

அண்ணாச்சி: அப்ப தீப்பெட்டி போனு. ரெண்டு காலிப் பெட்டி, நடுவுல நூலு, தொய்யாம இழுத்துப் பிடிச்சாதான் பேச்சு கேக்கும், ஊடால எதுலயாவது நூலு பட்டுச்சுன்னா அம்புட்டுத்தான், கேக்காது.

பாஸ்கர்: டவர் பிரச்சனை அப்பவே இருந்திருக்கு. ஆனா வீட்ல லைட்டருதான், ரெண்டு பெட்டி புதுசா வாங்கிக் குச்சியக் கொட்டிரட்டா?

அண்ணாச்சி: சார், நான் கோவில்பட்டிக்காரன். 14 வருசமா ஒரு ரூவாய்க்கு வித்த தீப்பெட்டி, 2021 டிசம்பர்லதான் ரெண்டு ரூவா ஆச்சு, அத ஏத்துறதுக்குள்ள எங்க ஊரு பட்ட பாடு உங்களுக்கு என்ன தெரியும், எங்கிட்டயே வந்து குச்சியக் கொட்டுறேன்னு சொல்லுறீங்க.

பாஸ்கர்: மன்னிச்சுக்கங்க. வேற?

அண்ணாச்சி: தராசு செய்வோம். மத்தியானம் சட்னி அரைச்ச தேங்கா, ரெண்டு சிரட்டையும் இங்கனதான் கெடக்கு. பழைய நோட்டுக் கட்டோட ஒரு மரஸ்கேலும் வந்துச்சு, ஆறு இஞ்சுல ஒரு தொளை, ரெண்டு கடைசிலயும் ஒவ்வொரு தொளை. இந்தாங்க சணலு, கோணி ஊசி. ஆணியக் காய வச்சு சிரட்டையில தொளைய நான் போட்டுர்றேன், நீங்க உப்புத்தாள வச்சு நாரைத் தேயிங்க. ஆமா, பாப்பா எங்க?

பாஸ்கர்: எட்டரைக்கே தூங்கிருச்சு.

அண்ணாச்சி: பிள்ளையத்தான செய்யச் சொல்லிருக்கு?

பாஸ்கர்: மார்க்கு அதுக்குத்தான அண்ணாச்சி.

அண்ணாச்சி: சும்மா முடிச்சுப் போட்டு வைக்கிறேன், காலைல எழுப்பி அவுத்துக் குடுங்க, பாப்பாவே கட்டட்டும்.

(பத்து மணி. தராசத் தூக்கிப் பிடிக்கிறாங்க. ஒரு பக்கம் தாழுது.)

பாஸ்கர்: அச்சு அசலா உங்க கடைத் தராசேதான் அண்ணாச்சி.

அண்ணாச்சி: நக்கலு! ரெண்டு சிரட்டையும் ஒரே எடையா இருக்குமா? மேல நிக்குற சிரட்டைக்கு அடியில கொஞ்சம் மெழுகு ஒட்டுவோம்... இன்னும் கொஞ்சம்... போதும்.

பாஸ்கர்: இந்த மெழுகு ஒட்டுற கை ரொம்பப் பழகுன கையா தெரியுதே.

அண்ணாச்சி: இப்பல்லாம் எலக்ட்ரானிக் சார். அதுக்கு வேற வித்தை... தூக்குங்க, தூக்குங்க, நேரா நிக்குதா?

பாஸ்கர்: முள்ளு வச்ச மாதிரி நிக்குது! எவ்வளவு தரட்டும்?

அண்ணாச்சி: காசெல்லாம் வேணாம், சீக்கிரம் மறைச்சு எடுத்துட்டுக் கெளம்புங்க சார், இம்புட்டு சரியா நிக்கிற தராசு என் கடைல இருந்து போறத எவனாவது பாத்தான்னா, நாளைக்கு எல்லாரும் பேப்பர இதுலதான் எடை போடணும்பான்.