முதலில் கேளுங்கள், அப்புறம் பேசுங்கள்

நேற்று முன்தினம் என் பதிவின் கீழே நடந்த பஞ்சாயத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. செவ்வாய்க்காரர்கள் பூமியைத் தாக்கும் எச்.ஜி. வெல்ஸின் நாவலைப் பாட்டும் கதைசொல்லலுமாக மாற்றிய ஜெஃப் வேயினின் 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' ஆல்பம், அதை வைத்து அதே பெயரில் வந்த கணினி விளையாட்டுக்கு "வெறும் பின்னணி இசை" என்று ஒருவர் திருவாய் மலர்ந்தார். ஆல்பம் வந்தது 1978. விளையாட்டு வந்தது 1998. இருபது வருடம் கழித்துப் பிறந்த பிள்ளைக்கு அப்பன் பின்னணியா?

சரி, வருடக்கணக்கு கிடக்கட்டும். எச்.ஜி. வெல்ஸின் கதையில் மனிதனால் ஒன்றுமே செய்ய முடியாது. பீரங்கி தோற்கிறது, தண்டர் சைல்ட் போர்க்கப்பல் மூழ்குகிறது, கடைசியில் செவ்வாய்க்காரர்களைக் கொல்வது கிருமி. ஆல்பத்தில் கதைசொல்லியான ரிச்சர்ட் பர்ட்டன் அந்தக் கனத்த குரலில் சொல்லச் சொல்ல நாமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். "உல்லா!" என்று செவ்வாய்க்காரர்களின் ஊளை கிளம்பும்போது வயிறு கலங்குகிறது. அந்தக் கையாலாகாத்தனம்தான் ஆல்பமே.

விளையாட்டில் பிரிட்டனைப் பகுதி பகுதியாகப் பிடிக்கலாம். செவ்வாய்க்காரர் பக்கமே சேர்ந்துகொள்ளலாம். அப்போது மனித ரத்தமும் செம்பும் ஒரே வரிசையில் நிற்கும் கையிருப்புச் சரக்கு. இருப்பு ஏறியதா இறங்கியதா என்று பார்க்கவே நேரம் சரியாக இருக்கும். பயப்பட ஏது நேரம்?

விடுதியில் என் அறைத்தோழன் இதை விடிய விடிய ஆடுவான். ஆல்பத்தின் பாட்டையெல்லாம் அதில் ரீமிக்ஸ் செய்திருந்தார்கள், நன்றாகவே இருந்தது, மறுக்கவில்லை. அவன் செட்டிங்ஸுக்குப் போய் இசையை மட்டும் பூஜ்யத்துக்கு இழுத்தான். வெடிச்சத்தம் போதுமாம்! நான் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

"உனக்கு ஆடத் தெரியாது, அதான் எரிச்சல்" என்பீர்கள். மனிதர் பக்கம் நின்று ஜெயித்தவன் நான். "ஆல்பமே நாவலைச் சுருக்கியதுதானே?" அது வேறு கச்சேரி, இன்னொரு நாள் பேசலாம்.

உண்மையில் உறுத்துவது வேறு. "ஒன்றரை மணி நேர ஆல்பத்தை யார் உட்கார்ந்து கேட்பது அங்கிள்?" என்றார் ஒரு தம்பி. மூன்று மணி நேரப் படத்துக்குப் போய் பாதி நேரம் போனை நோண்டுகிறவர்கள் கேட்கிற கேள்வியா இது? ஒரு பாட்டை முழுதாகக் கேட்பதே கிழட்டுப் பழக்கமாகிவிட்டதா? 'ஃபாரெவர் ஆட்டம்' பாட்டில், காதலியைத் தேடி ஓடியவன் ஆளில்லாத வீட்டைப் பார்க்கிறான். ஜஸ்டின் ஹேவர்ட் பாடுகிறார். அங்கே அழுத்துவதற்குப் பொத்தான் எதுவும் இல்லை. இதைத்தான் அந்தப் பஞ்சாயத்தில் எழுதினேன். "கிரிஞ்ச்" என்று பதில், அதற்கு நம் நண்பர்களே சிரிப்பு எமோஜி போட்டிருக்கிறார்கள்.

போட்டவர்கள் யார் யார் என்று பார்த்துவிட்டேன். யாரையும் நீக்கப் போவதில்லை. அந்த ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு வாருங்கள், போன் ஸ்பீக்கரில் வேண்டாம். அதுவரை விளையாட்டின் ஸ்க்ரீன்ஷாட்டை என் பதிவின் கீழே ஒட்டாமல் இருந்தால் புண்ணியமாகப் போகும்.