எட்டு ஜோடிக்கு மூணாவது எட்டைத் தேடாதீங்க

வேலூர், காட்பாடி பக்கம் போக்கர் ஆட உட்காருறவங்கள்ல நிறைய பேர் ரம்மியில கை பழகினவங்க. கையில வர்ற ரெண்டு சீட்டும் 7-7ல இருந்து 10-10 வரை நடுத்தர ஜோடியா இருந்தா, பிளைண்டுக்கு (சீட்டு போடுறதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் கட்டாயமா வைக்கிற சிப்ஸ்) மட்டும் சிப்ஸ் போட்டு உள்ளே வந்து செட் (ஜோடிக்கு அதே எண்ல மூணாவது சீட்டு) விழுமான்னு பார்க்கிறாங்க. இந்தப் பழக்கத்தை விட்டே ஆகணும். (2025ல வந்த மத்தியச் சட்டம் காசு கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செஞ்சிருக்கு. நான் பேசுறது வீட்ல வெறும் சிப்ஸ் வெச்சு ஆடுறதைப் பத்தி.)

ஃபிளாப்ல (எல்லாருக்கும் பொதுவா மேஜையில திறக்கிற முதல் மூணு சீட்டு) செட் விழ 11.8 சதவீதம்தான் வாய்ப்பு, எட்டரை தடவைக்கு ஒண்ணு. 8-8க்கு மேல பெரிய சீட்டு ஒண்ணாவது ஃபிளாப்ல வர்றது 87 சதவீதம். நாலு பேரை உள்ளே விட்டா அந்த ராஜாவோ ராணியோ யார் கையிலயாவது மாட்டும். ஒரே ஆள் எதிர்ல இருந்தா கதை வேற: ஜோடி இல்லாத கை மூணுல ரெண்டு தடவை ஃபிளாப்ல ஒண்ணும் சேராம நிக்கும்.

அதனால முன்னாடி யாரும் வரலைன்னா ரெய்ஸ்தான், அதாவது தொகையை ஏத்துறதுதான். சின்ன பிளைண்ட் 10, பெரிய பிளைண்ட் 20ன்னா 50. ஏற்கெனவே ரெண்டு பேர் சும்மா உள்ளே வந்திருந்தா 100. எல்லாரும் சீட்டைக் கீழே வெச்சு விலகிட்டா அங்கேயே பாட் (நடுவுல சேர்ந்த சிப்ஸ்) உங்களுக்கு. ஒருத்தர் மட்டும் கால் பண்ணி (அதே தொகையைப் போட்டு உள்ளே வந்து), ராஜா-7-2 மாதிரி ஒண்ணோட ஒண்ணு சேராத காய்ஞ்ச ஃபிளாப் வந்தா பாட்ல மூணுல ஒரு பங்கு பெட் பண்ணுங்க. ராணி-ஜாக்கி-9 வந்து ரெண்டு பேர் எதிர்ல இருந்தா செக் பண்ணிட்டு (எதுவும் போடாம முறையைத் தள்ளிட்டு), யாராவது பெட் பண்ணினா கையை விட்டுடுங்க.

கஷ்டமான முடிவு, உங்க 50ஐ ஒருத்தர் 160 ஆக்கும்போதுதான். இன்னும் 110 போடணும். இங்கதான் செட் கணக்கு வேலை செய்யுது. 110ஐப் போல 15 மடங்கு, அதாவது 1,650, இன்னும் பாட்ல போடாத சிப்ஸா பின்னாடி இருக்கணும். எட்டரை மடங்கு ஏன் போதாதுன்னா, செட் விழுந்தாலும் எதிராளி ஒவ்வொரு தடவையும் முழுசா கட்ட மாட்டார்; சில நேரம் அவருக்கே பெரிய செட் விழும். ரெண்டு பேர்ல யார்கிட்ட சிப்ஸ் கம்மியோ அதை வெச்சுத்தான் இதைப் பார்க்கணும். உங்ககிட்ட 2,000 இருந்து அவர்கிட்ட 700தான்னா, செட்டை நம்பி கால் பண்றது வீண். உங்ககிட்டயே 300க்குள்ள இருந்தா இந்த யோசனையே வேண்டாம். முதல் ரெய்ஸே ஆல் இன், கையில இருக்கிற எல்லா சிப்ஸும்.

இன்னொரு தப்பு, பெரிய சீட்டுக்குப் பயந்து 9-9க்கு 120, 150ன்னு ஏத்துறது. அந்த விலைக்கு 10-10ம் அதுக்கு மேலயும்தான் கால் வரும், நீங்க ஜெயிக்கக்கூடிய கையெல்லாம் ஓடிடும். ஏஸ்-ராஜாவுக்கு எவ்வளவு ஏத்துவீங்களோ, 9-9க்கும் அதே 50.