குறைவது பரப்பளவு அல்ல, விகிதம்

செல்கள் ஏன் சிறிதாகவே இருக்கின்றன என்று சொல்லும் இந்தக் கட்டுரையில், செல் வளர வளர அதன் பரப்பளவு குறைந்துவிடும் என்று ஒரு வரி வருகிறது. அது தவறு. பரப்பளவும் கூடத்தான் செய்யும், ஆனால் கன அளவு அதைவிட வேகமாகக் கூடுகிறது.

1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்துக்குப் பரப்பளவு 6, கன அளவு 1. பக்கத்தை 2 ஆக்கினால் 24, 8. பரப்பளவைக் கன அளவால் வகுத்தால் வரும் விகிதம் 6இலிருந்து பாதியாகி 3க்கு வந்துவிடுகிறது. உணவும் ஆக்சிஜனும் நுழைவது மேல்பரப்பு வழியாக, செலவாவது உள்ளே. அதில்தான் சிக்கல். அதோடு தூரம் இரட்டித்தால் பொருள் ஊடுருவிச் சேர நான்கு மடங்கு நேரம் ஆகும்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான், அப்பா பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். கோப்பையிலேயே உறைந்த கட்டிப்பால் நாள்கணக்கில் கிடந்தாலும் நடுவில் ஈரம் இருக்கும் (நாற்றத்தைச் சொல்லவே வேண்டாம்). அதே பாலை உறைய வைத்து, மிஷினில் மெல்லிசாக உருட்டித் தொங்கவிட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும்: பரப்பு அதிகம், நடுவுக்குத் தூரம் குறைவு. படிவம் 4 படிக்கும் பேத்திக்கு இதைச் சொன்னேன், சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

சரி, கோழி முட்டையின் மஞ்சள் கரு ஒரே செல்தானே, அது மட்டும் எப்படி இவ்வளவு பெரிது என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், ஒரே செல்தான், ஆனால் அதில் பெரும்பகுதி சேமித்து வைத்த உணவு. உயிர்த்துடிப்புள்ள பகுதி மேலே தெரியும் சின்ன வெள்ளைப் புள்ளிதான். நரம்பு செல்லும் இந்தக் கணக்குக்கு மாறானதல்ல, கால்வரை நீண்டாலும் நூல்போல மெல்லியது.