மார்க் ஷீட்டின் பின்பக்கம்

ரெண்டு நாளாக எல்லார் டைம்லைனிலும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த எச்.ஆர். பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்கு, அதாவது ஒரு நிறுவனத்தில் வேலை எங்கே தடுக்கிறது என்று ஆராய்ந்து தீர்வு சொல்லும் வேலைக்கு வந்த ரெஸ்யூமேக்களில் ஆன்லைன் எம்.பி.ஏ. என்று இருந்ததை எல்லாம் திறந்துகூடப் பார்க்காமல் ஓரம் கட்டினாராம். அதைப் பெருமையாக எழுதியிருக்கிறார். கீழே வரிசையாகக் கைதட்டல். அவர் பெயரை இங்கே இழுக்கப் போவதில்லை. இரண்டாம் செமஸ்டர் ஃபீஸ் கட்டியிருக்கும் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு "நிறுத்திடட்டுமா?" என்று கேட்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை.

முதலில் சட்டம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2020 செப்டம்பரில் கொண்டுவந்த திறந்தநிலை, தொலைநிலை, இணையவழிப் படிப்புகளுக்கான விதிமுறைகளில் 22-ஆம் விதியை எடுத்துப் பாருங்கள். அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் இணையவழியில் தரும் பட்டம் நேரடி வகுப்பில் படித்து வாங்கும் பட்டத்துக்குச் சமம். 2022 செப்டம்பரில் தனி அறிவிப்பாகவும் யுஜிசி இதைத் திரும்பச் சொன்னது. அதே விதிமுறை இன்னொன்றும் சொல்கிறது. சான்றிதழ், மார்க் ஷீட் இரண்டின் பின்பக்கத்திலும் எந்த முறையில் படித்தார், எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது முடித்தார், தேர்வு மையம் எது என்பதை அச்சிட வேண்டும். இதில் ஒளிவு மறைவுக்கே இடமில்லை. என்ன படித்தார் என்பது முன்பக்கத்தில் இருக்கிறது, எப்படிப் படித்தார் என்பது பின்பக்கத்தில். ஆள் எடுப்பவர் படிக்க வேண்டியது முன்பக்கத்தை.

தனியார் கம்பெனி, யாரை எடுப்பது என்பது அவர்கள் இஷ்டம் என்று கமெண்டில் வருவார்கள். வரட்டும். இஷ்டம்தான், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அப்படியென்றால் வேலை விளம்பரத்திலேயே 'ரெகுலர் படிப்பு மட்டும்' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். விண்ணப்பம் வாங்கி, ரெஸ்யூமே வாங்கி, அப்புறம் திறக்கவே இல்லை என்று ஊருக்குச் சொல்வது என்ன நியாயம்?

அடுத்து உழைப்புக் கணக்கு. தொலைநிலை, இணையவழிப் படிப்பில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு. வீடியோ பாடம், வாசிப்பு, விவாதம், அசைன்மென்ட் எல்லாம் அதில் அடக்கம். 4 கிரெடிட் பேப்பர் ஒன்றுக்கு 120 மணி நேரம். மொத்தம் 80 கிரெடிட் என்று வைத்தால் 2,400 மணி நேரம். இரண்டு வருடத்துக்குப் பங்கு போட்டால் வாரத்துக்கு 23 மணி நேரம், அதாவது தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல். வேலைக்குப் போய்க்கொண்டு, சமையல் செய்துகொண்டு, பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு. சோம்பேறிகள் எடுக்கும் குறுக்கு வழி என்று சொல்பவர்கள் ஒரு மாதம் இந்தக் கணக்கில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஒரு ப்ராஜெக்ட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் (ஆர்டர் எடுத்ததிலிருந்து சரக்கு போகும்வரை பின்தொடரும் வேலை) பார்க்கிற பெண், வயது முப்பதுக்கு மேல். ஆன்லைன் எம்.பி.ஏ. கடைசி செமஸ்டருக்கு அதே கம்பெனியையே எடுத்துக்கொண்டார். ஷிப்மென்ட் லேட் ஆவதற்கு டெய்லர் சரியாக வராததே காரணம் என்பது முதலாளியின் முடிவு. இவர் அதை அப்படியே எழுதிவிட்டு மார்க் வாங்கியிருக்கலாம். செய்யவில்லை. மூன்று மாத டி.சி. (சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான்) புத்தகங்களை எடுத்துவைத்து, துணி சாயம் போட டையிங்குக்கு எப்போது போனது, எப்போது திரும்பியது, கட்டிங்குக்கு எப்போது இறங்கியது, செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒவ்வொரு லாட்டுக்கும் தேதிகளை எக்செல்லில் ஏற்றினார்.

ஏற்றியதும் பல லாட்டுகள் போவதற்கு முன்பே திரும்பி வந்ததாகக் காட்டியது. கணக்கில் மைனஸ் நாட்கள். காரணம், அந்தக் கம்ப்யூட்டரில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தது. 05/04 என்று நாம் ஏப்ரல் 5-ஐ அடித்தால் அது மே 4 என்று எடுத்துக்கொள்ளும். 12-ஆம் தேதிக்கு மேல் அடித்தால் மாதமாக்க முடியாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும், கழித்தல் கணக்கில் பிழை காட்டும். பிழை காட்டுவதைக் கண்டுபிடித்துவிடலாம். ஒழுங்காகத் தெரிகிற தப்புத் தேதிதான் ஆபத்து. நாள், மாதம், வருடம் மூன்றையும் தனித்தனி நெடுவரிசையில் அடித்து, டேட் ஃபார்முலாவால் சேர்த்து, எல்லா வரியையும் டி.சி.யோடு மறுபடி ஒப்பிட்டார்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. தையலில் போன நாட்கள் கொஞ்சம். சாயம் போடாத கிரே துணி டையிங் யூனிட்டில் சாயம் ஏறாமல் படுத்துக்கிடந்த நாட்கள் அதிகம். டையிங்காரரைக் கேட்டால் லேப் டிப்புக்கு, அதாவது பையர் பார்த்து ஓகே சொல்ல வேண்டிய சாய மாதிரிக்கு, அப்ரூவல் வரவில்லை என்கிறார். ஆபீஸில் கேட்டால் பையர் மெயில் போட்டு நாலு நாள் ஆகிறது என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. மெயில் முதலாளியின் போனுக்கு வந்திருக்கிறது, அதை டையிங்குக்குச் சொல்ல வேண்டியது யார் என்று யாருக்குமே பொறுப்பு கொடுக்கப்படவில்லை. இப்போது வேலை நடக்கும் விதத்தைப் படமாக வரைந்தபோது, அந்த ஒரு கட்டத்தில் மட்டும் எழுத ஆள் பெயர் இல்லை. இவர் கொடுத்த தீர்வுக்கு சாஃப்ட்வேர்கூடத் தேவைப்படவில்லை. லேப் டிப் அனுப்பிய தேதி, அப்ரூவல் வந்த தேதி, டையிங்குக்குச் சொன்ன தேதி, சொன்னவர் பெயர் என்று நாலு நெடுவரிசை உள்ள ஒரு ஷீட், அதற்குப் பொறுப்பாக ஒரு ஆள். அவ்வளவுதான்.

ஆவணங்களைப் படிப்பது, ஆட்களைப் பேட்டி எடுப்பது, நேரில் பார்ப்பது, வேலை ஓட்டத்தை வரைவது. பிசினஸ் அனலிசிஸ் துறையின் கையேடான பாபொக், டெக்னிக் என்று பட்டியல் போட்டு வைத்திருப்பவற்றில் நாலை அந்தப் பெண் முறையாகச் செய்து முடித்திருக்கிறார். அவர் மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் 'ஆன்லைன்' என்று அச்சாகியிருக்கும். அந்த ஒரு சொல்லுக்காக இந்த ரெஸ்யூமேயைத் திறக்க மாட்டீர்களா?

வகுப்பறையில் உட்காராமல் மேனேஜ்மென்ட் எப்படி வரும், நெட்வொர்க்கிங் போய்விடுமே என்று ஒரு வாதம். பிசினஸ் அனலிஸ்ட்டின் நாளில் பாதி ஜூமிலும் டீம்ஸிலும்தான் போகிறது. முகம் தெரியாத ஆட்களிடம் கேள்வி கேட்டு, பதிலை எழுதி, சரிதானா என்று திருப்பிக் கேட்டு வாங்குவதுதான் வேலை. இதற்கு மேல் இந்த வாதத்துக்குப் பதில் வேண்டியதில்லை.

காப்பி அடிக்கிறார்கள் என்பது வேறு விஷயம். அதில் உண்மை இருக்கிறது. விதிப்படி உள்மதிப்பீடு அதிகபட்சம் 30 சதவீதம், செமஸ்டர் இறுதித் தேர்வு குறைந்தது 70 சதவீதம். உள்மதிப்பீட்டு அசைன்மென்ட்டுகளில் ஒரே விடை நாற்பது பேரிடமிருந்து வருவது நடக்கத்தான் செய்கிறது. வீட்டில் கேமரா வைத்து நடத்தும் தேர்விலும் ஓட்டை உண்டு. ஆனால் எல்லா ஆன்லைன் படிப்பும் அப்படி இல்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாடம் இணையத்தில், க்விஸ்ஸும் இறுதித் தேர்வும் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். அதிலேயே பிசினஸ் டேட்டா மேனேஜ்மென்ட் என்று ஒரு பாடமும், நிஜமான ஒரு வியாபாரத்தின் டேட்டாவை வாங்கிச் செய்ய வேண்டிய ப்ராஜெக்ட்டும் உண்டு. சரி, ரெகுலர் காலேஜில் மட்டும் என்ன வாழுகிறது? ஒவ்வொரு ஊரிலும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ப்ராஜெக்ட் சென்டர்கள் யாரை நம்பி இத்தனை வருடம் நடந்தன? காசு கொடுத்து வாங்கிய ரிப்போர்ட்டுக்கு ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்தவர்களின் ரெஸ்யூமேயை யாராவது ஓரம் கட்டினார்களா?

எனக்குக் கோபம் வருவதெல்லாம் விற்பவர்கள் மேல். ஒரு நாளைக்கு நாலு போன். அட்மிஷன் கவுன்சிலர் என்று பேசுபவர் பல்கலைக்கழக ஊழியரே அல்ல, இடையில் நிற்கும் கம்பெனியின் விற்பனை ஆள். பல்கலைக்கழகம் தன் படிப்பை ஃபிரான்சைஸாக வெளியே கொடுக்கக் கூடாது என்று யுஜிசி 2022 ஜனவரியிலேயே எச்சரித்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பெயரைக் காட்டி இத்தகைய கம்பெனிகள் விளம்பரம் செய்யும் பட்டங்களைப் பற்றி 2023 டிசம்பரில் இன்னொரு எச்சரிக்கை. இருந்தும் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். ஈஸி இன்ஸ்டால்மென்ட் என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவார்கள். அது ஏதோ ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் உங்கள் பெயரில் எழுதப்படும் கடனாக இருக்கும். பாதியில் நின்றாலும் இ.எம்.ஐ. நிற்காது, கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் விழும்.

சேரப் போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டெப் தளத்துக்குப் போய், பல்கலைக்கழகத்தின் பெயரோடு நிறுத்தாமல் படிப்பின் பெயரையும் தேடுங்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருக்கும், நீங்கள் சேரும் படிப்புக்கு இருக்காது. தொலைநிலைக்கு இருக்கும், ஆன்லைனுக்கு இருக்காது. போன வருடச் சேர்க்கைக்கு இருக்கும், இந்த வருடத்துக்கு இருக்காது. மூன்றும் பொருந்த வேண்டும். 2024-இலிருந்து சேர்க்கைக்கு அந்தத் தளத்தில் எடுக்கும் டெப் ஐடி கட்டாயம், அதற்கு முன் ஏபிசி ஐடி (மாணவரின் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் எண்) எடுத்திருக்க வேண்டும். இரண்டையும் நீங்களே எடுங்கள், ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள். ஃபீஸ் பல்கலைக்கழகக் கணக்குக்கு மட்டும். மாதிரி மார்க் ஷீட் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், உங்கள் ஸ்பெஷலைசேஷன் அதில் அச்சாகிறதா என்று பாருங்கள்.

சிலபஸையும் வரி வரியாகப் படியுங்கள். பிசினஸ் அனலிட்டிக்ஸ் என்று சேர்ந்தால் பெரும்பாலும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், எஸ்.க்யூ.எல்., பைத்தான், டேஷ்போர்டு. ரெக்வயர்மென்ட் (என்ன தேவை என்பதை) எழுதுவது, யூசர் ஸ்டோரி (பயன்படுத்துபவர் பார்வையில் எழுதும் தேவை), அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா (அது முடிந்தது என்று ஒப்புக்கொள்ளும் அளவுகோல்), இரண்டு டிபார்ட்மென்ட் முரண்படும்போது என்ன செய்வது என்பதற்கு ஒரு பேப்பர்கூட இல்லாமல் இருக்கலாம். அப்படியிருந்தால் அதைத் தனியாகப் படித்தாக வேண்டும். பிசினஸ் அனலிஸ்ட்டுகளுக்கான சர்வதேச அமைப்பான ஐஐபிஏ நடத்தும் தேர்வுகளில் தொடக்க நிலையான ஈசிபிஏ எழுத முன் அனுபவம் தேவையில்லை. அனுபவசாலிகளுக்கான சிபாப் எழுத 7,500 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், படிக்கும்போதே அதை வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

ஆன்லைனில் யார் படிக்கிறார்கள் என்று அந்த எச்.ஆர். ஒரு தடவையாவது பார்த்திருப்பாரா? கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பெண்கள். அப்பா கடையை விட்டுவிட்டு வர முடியாத பையன்கள். நைட் ஷிஃப்ட் ஆட்கள். தம்பி ஃபீஸுக்காகத் தன் ரெகுலர் சீட்டை விட்டுக்கொடுத்த அக்காக்கள். இவர்கள் சலுகை கேட்கவில்லை, ஒரு இன்டர்வியூ கேட்கிறார்கள். இருபது நிமிடம் கொடுங்கள்.

என்ன கேட்பது என்று தெரியாவிட்டால் இதைக் கேளுங்கள். பில் டேபிளில் ஒரு பில், டெலிவரி சார்ஜ் 100 ரூபாய். ஐட்டம் டேபிளில் அதே பில்லுக்கு 3 வரி. இரண்டையும் பில் நம்பரை வைத்து ஜாயின் செய்து (ஒன்றாக இணைத்து) டெலிவரி சார்ஜைக் கூட்டினால் 300 என்று வருகிறது, ஏன்? படித்தவர் உடனே சொல்வார்: பில் வரி ஐட்டத்துக்கு ஒன்றாக மூன்று தடவை வந்துவிட்டது, ஐட்டங்களை பில் வாரியாக முதலில் கூட்டிவிட்டு அப்புறம் ஜாயின் செய்ய வேண்டும். இன்னும் நல்லவராக இருந்தால், இந்த ரிப்போர்ட்டை இதுவரை யார் பார்த்து எந்த முடிவெடுத்தார்கள் என்று உங்களையே திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் ஆளை எடுங்கள். சான்றிதழைச் சேரும் அன்று வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம்.