தோற்றுப்போன ஒரு கொள்கைக்கு வக்காலத்து

நிலநடுக்கச் செய்தி வந்தாலே டிவியில் ஒரே படம்: இரண்டு தட்டுகள் நகர்ந்து வந்து முட்டிக்கொள்ளும். தரை ஏன் பிளக்கிறது என்ற கேள்விக்கு அது ஒன்றுதான் விடை என்று நம் மனதில் பதிந்துவிட்டது. அதனால், பூமி சுருங்குவதுதான் காரணம் என்று சொல்லித் தோற்றுப்போன ஒரு பழைய கொள்கைக்கு இன்று வக்காலத்து வாங்கப் போகிறேன்.

19ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் சூஸ் என்ற ஆஸ்திரிய நிலவியலாளர் இருந்தார். கோண்ட்வானா நிலம் என்று ஒரு பழைய கண்டத்துக்குப் பெயர் வைத்தவர். பூமி உள்ளுக்குள் ஆறிக்கொண்டே வருகிறது, ஆற ஆறச் சுருங்குகிறது, சுருங்கும்போது மேலோடு நெரிபட்டு மலையாக எழுகிறது என்று நம்பியவர்களில் அவர் முக்கியமானவர். பூமியில் அது எடுபடவில்லை. ஓடு முழுக்கச் சுருங்கினால் நெரிசல் எல்லா இடத்திலும் அல்லவா தெரிய வேண்டும்? மலைகளோ குறுகிய பட்டைகளில் வரிசை கட்டி நிற்கின்றன. 1906இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தின்போது சான் ஆண்ட்ரியாஸ் பிளவின் இரு பக்கமும் பக்கவாட்டில் வழுக்கி, வேலிகளும் சாலைகளும் சில இடங்களில் 6 மீட்டர் வரை விலகிப் போயின. சுருக்கம் இப்படிப் பக்கவாட்டில் இழுக்காது. போதாக்குறைக்குப் பாறைக்குள் இருக்கும் கதிரியக்கம் பூமிக்குச் சூடு கொடுத்துக்கொண்டே இருப்பதும் தெரியவந்தது. 1960களில், மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்து நகர்கிறது என்னும் புவித்தட்டுக் கொள்கை வந்ததும் சுருக்கக் கொள்கையை மூட்டை கட்டிவிட்டார்கள்.

சரி, இப்போது புதன் கோளுக்குப் போவோம்.

1974இல் மாரினர் 10 விண்கலம் புதனைக் கடந்து போனபோது எடுத்த படங்களில் நீள நீளமான மேடுகள் வளைந்து வளைந்து ஓடின. ஒரு பக்கப் பாறை மறுபக்கத்தின் மேல் ஏறி உட்கார்ந்ததால் வந்த மேடுகள் அவை. எப்படித் தெரியும்? விண்கல் விழுந்த பள்ளங்களின் குறுக்கே இவை ஓடும் இடங்களில், வட்டமாக இருக்க வேண்டிய பள்ளம் ஒரு திசையில் குறுகியிருக்கிறது. எவ்வளவு குறுகியது என்று பார்த்தால் ஓடு எவ்வளவு நெருங்கியது என்று கணக்குப் போடலாம். அழகான தடயம். (இந்த மேடுகளுக்குப் பழைய ஆய்வுக் கப்பல்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள்: டிஸ்கவரி, பீகிள், என்டர்பிரைஸ். என்டர்பிரைஸ் மேடு சுமார் 1,000 கிலோமீட்டர் நீளம்.)

புதனில் தட்டுகள் கிடையாது. ஓடு முழுவதும் ஒரே துண்டு. உள்ளே இருக்கும் பெரிய இரும்புக் கரு ஆறுகிறது, கோளே சுருங்குகிறது. சூஸ் தரப்பு சொன்னது அப்படியே இங்கே நடக்கிறது, கோள்தான் வேறு.

சுருங்கும் கோளை உலர்திராட்சைக்கு ஒப்பிடுவது வழக்கம். எனக்கு அது பிடிக்காது. திராட்சைத் தோல் மெத்தென்று மடியும். பாறை அப்படி மடியாது, உடைந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறும். ஓட்டு வீட்டின் கூரையைப் பக்கவாட்டில் நெருக்கினால் என்ன ஆகுமோ அதுதான்.

எவ்வளவு சுருங்கியது என்பதில்தான் தகராறு. மாரினர் பார்த்தது பாதிக்கும் குறைவான பரப்பு. அதை வைத்து ஆரம் 1 முதல் 2 கிலோமீட்டர் குறைந்திருக்கும் என்றார்கள். பிறகு மெசஞ்சர் விண்கலம் கோள் முழுவதையும் படம் எடுத்தது. 2014இல் வந்த கணக்கு 7 கிலோமீட்டர் வரை போனது. அவ்வளவெல்லாம் இல்லை, பழைய கணக்குதான் சரி என்று அதற்குப் பிறகும் வாதாடியவர்கள் உண்டு.

நிலவும் சுருங்குகிறது, ஆனால் சில்லறைக் கணக்கில்: கடந்த சில பத்துக் கோடி ஆண்டுகளில் ஆரம் சுமார் 50 மீட்டர். 1972இல் அப்பல்லோ 17இல் போன செர்னனும் ஷ்மிட்டும் தங்கள் வண்டியை லீ-லிங்கன் என்ற மேட்டில் ஏற்றினார்களே, அது இப்படிப்பட்ட பிளவுதான். அப்பல்லோ வீரர்கள் வைத்துவிட்டு வந்த கருவிகள் 1977 வரை 28 ஆழமற்ற நிலவு நடுக்கங்களைப் பதிவு செய்தன. அவற்றில் எட்டு, இத்தகைய மேடுகளுக்கு 30 கிலோமீட்டருக்குள் நடந்திருக்கக் கூடியவை. தென் துருவப் பக்கமும் இந்த மேடுகள் இருக்கின்றன. அங்கே வீடு கட்ட ஆசைப்படுபவர்கள் மனை பார்க்கும்போது இதையும் பார்ப்பது நல்லது.

எல்லாக் கோளும் சுருக்கத்தால் மட்டுமே உடைவதில்லை. செவ்வாயில் தார்சிஸ் என்ற மாபெரும் எரிமலை மேட்டின் பாரம் மேலோட்டை இழுத்துக் கிழித்திருக்கிறது. சனியின் நிலவான என்செலடஸில், சனியின் ஈர்ப்பு பிசைந்து பிசைந்து பனி ஓட்டின் வெடிப்புகள் வழியாக நீராவி பீறிடுகிறது. தட்டு மோதும் அந்த டிவி படம் இங்கெல்லாம் செல்லாது.

2018இல் கிளம்பிய பெபிகொலம்போ விண்கலம் புதனைச் சுற்றப்போகிறது. மெசஞ்சரின் உயரமானி தென்பாதியைச் சரியாக எட்டவில்லை. அந்தக் குறை இதில் தீரும். சுருக்கக் கணக்கு கூடுமா குறையுமா என்று பந்தயம் கட்டச் சொன்னால் நான் கூடும் பக்கம்.